கொடிக்கம்பியில் வந்த கரண்டு

தென்காசி,
1946 ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

செல்வ மகள் இராமலட்சுமிக்கு அம்மா எழுதுவது. உலகம்மன் புண்ணியத்தில் நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு நலமாக இருக்கிறோம். பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அவளையே கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். எப்போதும் அப்பா கையெழுத்தில் வரும் கடிதம் இந்தத் தடவை என் கோழிக்கிறுக்கலில் வந்திருக்கிறதே என்று பதறாதே. அப்பா பக்கத்தில்தான் சாய்ந்திருக்கிறார், கஞ்சி குடித்தார், வலது கையில் மட்டும் கட்டுப் போட்டிருக்கிறது. நடந்ததை மறைத்து எழுதத்தான் நினைத்தேன். மறைத்தால் உனக்கே ஆபத்து என்று தோன்றியதால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

நம் வாடகை வீட்டுக்குப் பங்குனியில் கரண்டு விளக்குப் போட்டது உனக்குத் தெரியும். ஆனியில் சாரல் தொடங்கியதிலிருந்து மழை வலுத்தால் பியூஸ் போய் வீடே இருண்டுவிடும். வீட்டுக்காரர் காந்திமதிநாதன் பிள்ளையிடம் சொன்னோம். அவர் மகன் சங்கரபாண்டி வந்து, பியூஸில் இருந்த மெல்லிய கம்பியை எடுத்துவிட்டு விரல் மொத்தத்துக்குச் செம்புக்கம்பியை முறுக்கி மாட்டினான். “அத்தே, இனிமே இது போகவே போகாது, பாத்துக்கிடுங்க” என்றான். சொன்ன மாதிரியே போகவில்லை. நானும் அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன், பாவி.

போன செவ்வாய்க்கிழமை குற்றாலத்தில் ஐந்தருவிக்குக்கூட யாரையும் விடவில்லையாம், அப்படி மழை. அப்பா கிணற்றடியில் குளித்துவிட்டு, பின்முற்றத்தில் தகரக் கூரையின் ஓரத்தில் கட்டியிருக்கிற கொடிக்கம்பியில் ஈர வேட்டியைப் போடக் கையைத் தூக்கினார். கம்பியில் பட்ட கை அதையே பிடித்தபடி நின்றுவிட்டது. வாய் கோணிக்கொண்டது, சத்தம் வரவில்லை, உடம்பு மட்டும் உதறியது. குளிரில் ஜன்னி கண்டுவிட்டது என்று நினைத்து, கட்டிப் பிடிக்க ஓடினேன் மகளே. முன்பக்கத்தில் குடியிருக்கிற முகம்மது மீரான், அவர்தான் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர், ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “ஆச்சி, தொடாதீய! கரண்டு! தொட்டா நீங்களும் போயிருவீய!” என்று கத்திக்கொண்டே மெயினை அணைக்க ஓடினார். எனக்கு எங்கிருந்து புத்தி வந்ததோ, கதவுக்குப் பின்னால் உலர்ந்து கிடந்த மூங்கில் கம்பை எடுத்து அப்பாவின் கையிலேயே ஓங்கி ஒரு அடி அடித்தேன். கட்டிய புருஷனை அடித்தேன். கை விட்டது, மனிதர் சேற்றில் விழுந்தார். மூச்சு இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தபோது எனக்கு மூச்சு இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு முனகல் கேட்டது. அந்த முனகலுக்காகவே இலஞ்சி முருகனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறேன்.

உள்ளங்கை வெந்திருக்கிறது. நான் அடித்த அடியில் முன்கை எலும்பும் ஒடிந்துவிட்டது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், “கரண்டு பொழச்சுப் போன்னு விட்டுட்டுது, இவ விடலையே” என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் வீட்டுக்காரர் வந்தார். “பழைய வீடுன்னா அப்படி இப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி. பயமா இருந்தா வேற வீடு பாத்துக்கிடுங்க” என்று நின்ற நிலையிலேயே சொன்னார். அடைமழையில், ஒடிந்த கையோடு எங்கே போவது? மீரான் விடாமல் கரண்டு ஆபீசுக்குப் போய் ஒரு இன்ஸ்பெக்டரைக் கூட்டி வந்தார். வீட்டுக்காரரையும் சங்கரபாண்டியையும் வரவழைத்து, கூரை ஓரத்து இறவாணத்தில் வயரின் தோல் உரிந்து தகரத்தில் பட்டுக்கொண்டிருந்ததை அவர் காட்டினார். பூமிக்கு இறக்க வேண்டிய எர்த்துக் கம்பி இந்த வீட்டுக்கே போடவில்லையாம். பியூஸைக் கழற்றிப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. மெல்லிய கம்பி உருகி அணைவதே நம்மைக் காப்பாற்றத்தானாம், மொத்தமான கம்பி போட்டால் அது உருகாது, அதற்கு முன்னால் வீடுதான் எரியுமாம். “இதைப் போட்டது யாரு?” என்று கேட்டார். சங்கரபாண்டி வெளுத்துப்போய், “நாந்தான் சார். எங்க வீட்டுலயும் இதையேதான் மாட்டியிருக்கேன்” என்றான்.

வீட்டுக்காரர் குடையைக்கூட எடுக்காமல் தன் வீட்டுக்கு ஓடினார். அங்கே சங்கரபாண்டியின் கைக்குழந்தைக்குத் தொட்டில் கட்டியிருக்கிற உத்தரத்தை ஒட்டி வயரைத் தாங்கிப் போகிற மரக்கட்டை கரிந்து கறுப்பாக இருந்ததாம், தொட்டால் சுட்டதாம். மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார் என்று மீரான் சொன்னார். சாயங்காலமே வந்து அப்பாவின் காலடியில் நின்று, “நான் சொன்னதை மனசுல வச்சிக்கிடாதீய அண்ணாச்சி” என்றார். இப்போது அவருடைய எல்லா வாடகை வீடுகளிலும் வயர் மாற்றுகிறார்கள். நம் வீட்டில் எர்த்துப் போட்டு, இன்ஸ்பெக்டர் சோதித்தும் பார்த்தாயிற்று. ஆனாலும் ஸ்விட்சைத் தொடக் கை வரவில்லை, அரிக்கன் விளக்கில்தான் இதை எழுதுகிறேன். துணியைத் தென்னங்கயிற்றில் போடுகிறேன். அப்பா கண்ணயர்ந்தால் மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன்.

இப்போது உன் பயம்தான் எனக்கு. இஸ்திரிப்பெட்டி போட்டால் உங்கள் அறையில் பியூஸ் போகிறது என்றும், பக்கத்து அறைக்காரர் ஏதோ செய்து கொடுத்த பிறகு போவதே இல்லை என்றும் போன மாதம் சந்தோஷமாக எழுதியிருந்தாயே. என்ன செய்தார் அவர்? என் பேத்தி சுவரைப் பிடித்து நடக்கப் பழகுகிற வயதடி! இந்தக் கடிதத்தை மடித்து வைக்கும் முன்னே மாப்பிள்ளையிடம் சொல்லி மெயினை அணைத்துவிடு. தெரிந்த ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல். அங்குள்ள வீட்டுச் சொந்தக்காரர் முகம் கோணினால் கோணட்டும். ஈரக்கையோடு எதையும் தொடாதே. பார்த்தாயிற்று என்று ஒரு வரி தந்தி கொடு. அது வருகிற வரைக்கும் நான் வாசலில்தான் இருப்பேன்.

தீர்க்க சுமங்கலியாக, பிள்ளை குட்டியோடு நீ நூறு வயது இருக்க வேண்டும். அப்பா இடது கையைத் தூக்கி ஆசி சொல்லுகிறார்.

உன் அம்மா,
சொக்கம்மாள்.