கன்றுக்குட்டிக்கென்று சொன்ன கஞ்சி

அன்பு மகள் மூனிஸாவுக்கு,

அப்பா எழுதுவது. அந்தக் குளிர் நாட்டில் நீ நோய்நொடி இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய் வந்து நிம்மதியாக இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அந்த வார்த்தையை எழுதும் யோக்கியதை இந்த முறை எனக்கு இல்லை. பயந்துவிடாதே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். முற்றத்தில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் கட்டிலில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருக்கிறாள். ஆனால் போன வாரம் நீ போனில் கூப்பிட்டபோது அம்மா சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேனே, அது பொய். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளை அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தது நான்தான். போனில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. நம் தெருப் பையன் ஒருவன் லீவு முடிந்து நீ இருக்கும் கொரியாவுக்கே திரும்புகிறான், அவன் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுவதானால் திட்டு, அம்மாவிடம் மட்டும் அழாதே.

வசந்த காலத்தில் அவளுக்குக் கணையம் வீங்கியபோது டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். எண்ணெய், கொழுப்பு, கறி எதுவும் கூடாது, வேகவைத்த தானியமும் காய்கறியும்தான், ஒரு வாய் ஆட்டு வால்கொழுப்பு உள்ளே போனாலும் மறுபடி இங்கேதான் வந்து படுக்க வேண்டும் என்றார். உன் அண்ணனும் அண்ணியும் தாஷ்கண்டுக்குக் குடிபோய்விட்டார்கள், அம்மாவால் அடுப்புக்கு முன்னால் நிற்க முடியாது, அப்புறம் யார் சமைப்பது, நான்தான். மீசை முளைத்த நாளிலிருந்து கல்யாணப் புலாவ் கிண்டுகிறவன் நான். மார்கிலானில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் விடியும் முன் சமையல் உஸ்தா தூர்சுனலி வந்துவிட்டாரா என்றுதான் கேட்பார்கள். அப்படிப்பட்டவன் வீட்டில் உட்கார்ந்து பரங்கிக்காய் சீவினேன். சிரிக்காதே. எனக்குத் தெரிந்த சமையல் எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்கும், கொப்பரையில் கொழுப்பை ஊற்றிப் புகை வர விடுவது, வெங்காயத்தை அதில் போட்டுச் சிவக்க விடுவது. கொழுப்பே கூடாது என்றால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. முதல் நாள் நான் காய்ச்சிய பாசிப்பயறு அரிசிக் கஞ்சியைக் கழுநீர் என்று கூடச் சொல்ல முடியாது. உன் அம்மா அதையும் முழுசாகக் குடித்துவிட்டு, "நாளைக்கு வெங்காயத்தைக் கொஞ்சூண்டு தண்ணியில மூடி போட்டு வேகவிட்டுப் பாருங்க, அதுவா இனிச்சு வரும்" என்றாள். அப்படியே செய்தேன், இனிக்கத்தான் செய்தது.

கொஞ்சம் கொஞ்சமாகக் கை பழகிவிட்டது, மூனிஸா. பாசிப்பயறு வெடித்து வாய் பிளந்த பிறகுதான் அரிசி போட வேண்டும், முந்திப் போட்டால் பயறு அடம்பிடிக்கும். பரங்கிக்காயை முழுசாகத் தந்தூர் அடுப்பின் தணலில் விட்டுவிட்டால் தோல் கருகி உள்ளே அல்வா போல ஆகிவிடும், அதை உடைத்த கோதுமையில் பிசைந்தால் ஒரு சொட்டு எண்ணெய் கேட்காது. பீட்ரூட் கீரையை ஆவியில் வைத்த மாவுக் கொழுக்கட்டைக்குள் வைக்கலாம் என்று நானே கண்டுபிடித்தேன், மேலே ஆடை நீக்கிய தயிர். கேரட்டு, டர்னிப், பார்லி எல்லாம் ஒன்றாய் வேகும்போது கடைசியில் சதகுப்பைத் தழையைக் கிள்ளிப் போட்டால் வருகிற மணம் இருக்கிறதே, அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. பேச ஆசைதான், ஆனால் வாய் வரவில்லை. கல்யாணத்தில் ஊர் பார்க்கப் புலாவ் கிண்டுவது ஆம்பளை வேலை, வீட்டில் நாள்தோறும் கஞ்சி காய்ச்சுவது பொம்பளை வேலை, இதுதானே நம் ஊர். உன் அம்மாவுக்கு முகத்தில் ரத்தம் ஊறி வந்தது, கோடையில் தோட்டம் வரை தானாக நடந்தாள், அதைப் பார்த்து எனக்கு எவ்வளவு சந்தோஷமோ அவ்வளவு வெட்கமும் இருந்தது, வெளிக்கதவைத் தாழ்போட்டுவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவேன். நீ வாராவாரம் "அப்பா, அம்மாவுக்கு என்ன செஞ்சு குடுக்கிறீங்க" என்று கேட்கும்போதெல்லாம் பெருமையாகச் சொல்வேன், ஆனால் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வேன், உனக்கே தெரிந்திருக்கும்.

இந்த இலையுதிர் காலத்தில் கல்யாணங்கள் தொடங்கின. ஒருநாள் தாழ்போட மறந்துவிட்டேன். எனக்குக் கேரட் அரிந்து கொடுப்பானே எர்காஷ், அவன் அடுத்த விசேஷத்துக்கு என்னைச் சொல்லிவைக்க வந்தவன் நேரே முற்றத்துக்குள் வந்துவிட்டான். நான் குந்தி உட்கார்ந்து சின்னப் பானையில் பரங்கிக்காயும் கோதுமையும் கிளறிக்கொண்டிருக்கிறேன், இடுப்பில் உன் அம்மாவின் மேல்துணியைக் கட்டியிருக்கிறேன். அவன் வாயைப் பொத்திக்கொண்டு, "என்ன உஸ்தா இது, யாருக்கு இந்த விருந்து, கொப்பரையை வித்துட்டீங்களா" என்றான். என் பொண்டாட்டிக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்கும். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, "அட போடா, கன்னுக்குட்டிக்குக் கழிச்சல், அதுக்குக் காய்ச்சுறேன்" என்றேன். கொட்டிலில் கன்று நிற்பது அவனுக்குத் தெரியும், நம்பிவிட்டான். அவன் போன பிறகு அந்தக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி உன் அம்மாவுக்குக் கொடுத்தேன். உள்ளே படுத்திருந்தவள் நான் சொன்னதைக் கேட்டிருந்தாள். "கன்னுக்குட்டிக்கு மிச்சம் வைக்கணுமா" என்று மட்டும் சிரித்துக்கொண்டே கேட்டாள். நானும் சிரித்தேன், இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எர்காஷ் அதைத் தன் பொண்டாட்டியிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறான். அவள் மறுநாள் நம் வீட்டுச் சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள், உன் அம்மா பந்தலடியில் அதே கோதுமைக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க ஒரே பேச்சு. ஊருக்கெல்லாம் கறிப் புலாவ் போடுகிற தூர்சுனலி, நோயாளிப் பொண்டாட்டிக்குக் கன்றுக்குட்டித் தீனி போடுகிறான் என்று. அதற்கு மறுநாள் மத்தியானம் பெண்கள் கூடிப் பேசி, நம் தெருவில் கல்யாணம், சாவு எதுவானாலும் பெண்கள் பக்கத்தை நடத்துகிற கராமத் அக்கா தலைமையில் ஐந்தாறு பேர் பெரிய பாத்திரம் நிறையப் புலாவைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு நோய் விசாரிக்க வந்துவிட்டார்கள். அவர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. நல்ல மனசோடு வந்தவர்கள்.

நான் அப்போது சமையல்கட்டில் இருந்தேன். கதவை ஒருக்களித்துவிட்டு அதன் பின்னால் நின்றுகொண்டேன். கராமத் அக்கா கட்டிலில் உட்கார்ந்து உன் அம்மாவின் கன்னத்தைப் பிடித்து, "என்ன புள்ள, காஞ்ச சுள்ளி மாதிரி ஆயிட்டே, கறி இல்லாம உடம்பு எப்படித் தேறும்" என்றார். டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார் அக்கா என்றாள் அம்மா. "ஆமா, கன்னுக்குட்டித் தீனியைத் தின்னுன்னு டாக்டர் சொன்னாராக்கும். உன் புருஷனே எர்காஷ்கிட்ட சொன்னாராமே, அது கன்னுக்குட்டிக்குன்னு. அப்புறம் அது எப்படி உன் கிண்ணத்துக்கு வந்துச்சு" என்று கேட்டார். எல்லாப் பெண்களும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் சமையல்கட்டுக் கதவைப் பார்த்தாள். நான் நிற்பது அவளுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் நான் பொய்யன், கஞ்சி காய்ச்சுகிறவன், இரண்டும் ஒரே நேரத்தில் தெருவுக்குப் போய்விடும். "பசிச்சுது அக்கா, நானே எடுத்துக் குடிச்சேன்" என்றாள். அவர்கள் உச்சுக்கொட்டினார்கள். கராமத் அக்கா புலாவைக் கையில் திரட்டி, அதன் நடுவில் வால்கொழுப்புத் துண்டை வைத்து அழுத்தி, "வாயைத் திற, என் கையால வேண்டாம்பியா" என்று நீட்டினார். மூத்தவர்கள் கையால் ஊட்டும்போது வேண்டாம் என்று சொன்னவரை நீ பார்த்திருக்கிறாயா, நானும் பார்த்ததில்லை, அது முகத்தில் அறைவது போல. அவள் வாயைத் திறந்தாள். ஒரு வாய், அப்புறம் இன்னொருத்தி கையால் ஒரு வாய், அப்புறம் இன்னொன்று. நான் ஜல்லிக்கரண்டியைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். எனக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. என் கால் நகரவில்லை. வெட்கம் என்பது இவ்வளவு கெட்டது என்று இந்த வயதில்தான் தெரிந்தது.

அஸ்தமனத் தொழுகைக்கு முன்பே அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள், கட்டில் சட்டத்தைக் கடித்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டபோது விருந்தாளிகள் கொடுத்தார்கள் என்று முணுமுணுத்தேன், அங்கேயும் முழுசாகச் சொல்லவில்லை. பல நாள் வாயில் தண்ணீர் கூட விடாமல் நரம்பு வழியாகவே மருந்து ஏற்றினார்கள். அந்த நாட்களில்தான் நீ கூப்பிட்டாய், நான் சித்தி வீடு என்றேன்.

பிறகு தெளிந்த கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள். வீட்டில் காய்ச்சி, தூக்குப் பாத்திரத்தில் ஊற்றித் துணியில் சுற்றி எடுத்துப்போனேன். வார்டில் பக்கத்துக் கட்டில்காரி யார் செய்தது என்று கேட்டதற்கு உன் அம்மா "மருமக" என்றாள். உன் அண்ணி தாஷ்கண்டில் இருக்கிறாள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும். அப்போதும் எனக்காகத்தான் பொய் சொன்னாள், நான் அப்போதும் பேசாமல் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கராமத் அக்கா மூட்டையோடு வந்துவிட்டார், கொழுப்பு மிதக்கும் ஆட்டுக்கறிச் சாறும் ரொட்டியும். பாவம், ராத்திரி பகலாகத் துஆ செய்து வேண்டிக்கொண்டாராம். ரொட்டியைச் சாற்றில் தோய்த்துக் கையில் எடுத்து, "இதை மட்டும் முழுங்கிடு புள்ள, எழுந்து உக்காந்துடுவே" என்று உன் அம்மாவின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை, மூனிஸா. பழகிவிட்டவள் போல வாயைத் திறக்கப் போனாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நில்லுங்கக்கா" என்றேன், குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. "அந்தக் கஞ்சி கன்னுக்குட்டிக்கு இல்ல, இவளுக்குத்தான். வசந்தத்துல இருந்து நான்தான் காய்ச்சிக் குடுக்கிறேன். எர்காஷ் சிரிப்பான்னு வெக்கப்பட்டுப் பொய் சொன்னேன். நீங்க அன்னிக்கு ஊட்டுனப்ப கதவுக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அந்தக் கொழுப்புதான் இவளை இங்க கொண்டாந்து போட்டுது" என்றேன். கராமத் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது, ரொட்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, "அப்போ என் கையாலயா இப்படி ஆச்சு" என்றார். உங்க கையால இல்லக்கா, என் வாயால என்றேன். அவர் என் தூக்குப் பாத்திரத்தைத் திறந்து ஒரு கரண்டி எடுத்துக் குடித்தார். "உப்பே இல்ல. இவரு பெரிய உஸ்தாவாம்" என்றார். வார்டே சிரித்தது, நானும் கூடச் சிரித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை.

இப்போது தெருவில் எனக்குக் கஞ்சி உஸ்தா என்று பெயர். முதலில் காது கூசியது, இருக்கட்டும். முந்தாநாள் எர்காஷ் வந்து, அவனுக்கும் ரத்தக் கொதிப்பாம், அந்தப் பார்லிக்கு எவ்வளவு தண்ணி என்று கேட்டுவிட்டு, "நான் கேட்டேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றான். அவன் வீட்டுக்கே போய் அவன் பொண்டாட்டியிடம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். மற்றபடி மழைக்கு முன் கூரையைப் பார்த்துவிட்டேன், சீமை மாதுளை நன்றாகக் காய்த்திருக்கிறது, உன் அண்ணன் மகனுக்கு முதல் பல் முளைத்துவிட்டதாம். நீ அங்கே பொட்டலத்தில் வரும் சேமியாவை வெந்நீர் ஊற்றிச் சாப்பிட்டே காலம் தள்ளாதே, ராத்திரி பயறை ஊறவைத்துவிட்டுப் படு, காலையில் அரை நாழிகை வேலைதான். உடன் வேலை செய்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டு எதையும் வாயில் போட்டுக்கொள்ளாதே. இதை உனக்குச் சொல்ல எனக்கு வாய் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் எழுதாமல் இத்தனை தூரம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று ஆஸ்பத்திரியில் கராமத் அக்கா போன பிறகு உன் அம்மாவுக்குக் கஞ்சியை ஊட்டினேன். பாதி குடித்துவிட்டுக் கரண்டியை விலக்கினாள். கோபமாகக் கூட இல்லை, மெதுவாகத்தான் கேட்டாள். "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன. ஒவ்வொரு வாய்க்கும் நீங்க வெளிய வந்துடுவீங்கன்னு கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன்." வீடு திரும்பிய பிறகும் நான் வைப்பதைச் சாப்பிடுகிறாள், நன்றாக இருக்கிறது என்கிறாள், ஆனால் நான் பானையைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தைரியமும் அல்லாஹ் கொடுக்கட்டும், நல்ல இடத்தில் உன் வாழ்க்கை அமையட்டும், உன் தட்டில் பரக்கத்தும் நிறைவும் குறையாமல் இருக்கட்டும். இனி நீ போன் செய்யும்போது அம்மா சாப்பிட்டாளா என்று என்னைக் கேட்காதே. போனை அவள் கையில் கொடுக்கச் சொல்லி அவளையே கேள், நான் அறையை விட்டு வெளியே போன பிறகு கேள்.

தலைகுனிந்து நிற்கும் உன் அப்பா,
தூர்சுனலி