கதவுக்குப் பின்னால் ஒட்டிய வரைபடம்

மார்ச் 3

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். நகராட்சி அலுவலகத்துக்காரர்களிடம் காட்டவே கூடாது. அப்பாவுக்கு அங்கேதான் வேலை. வரைபடம் வரைபவர்.

இன்று அவருக்குக் கண் எரிச்சல். புது வார்டு வரைபடத்துக்கு என்னை வண்ணம் அடிக்கச் சொன்னார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அத்தை தெரு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவர்கள் எல்லாரும் அங்கேதான். ஒரு தெருதானே என்று பச்சையை மட்டும் எடுத்தேன். மூன்று வண்ணம் என்றார். இந்தச் சாரி நான்காம் வார்டு, எதிர்ச்சாரி ஐந்து, குழாயடிக்கு அப்பால் ஆறு. வாசலில் நின்றபடியே எதிர்வீட்டோடு பேசுகிறவர்கள் வேறு வேறு வார்டா?

"யாருப்பா இப்படிப் போடச் சொன்னது?"

"கலர் கோட்டைத் தாண்டாம அடி."

மார்ச் 4

தூக்கம் வரவில்லை. போன தேர்தலில் அத்தை பத்தொன்பது ஓட்டில் தோற்றாள். இந்தத் தடவை ஜெயித்துவிடுவாள். நகராட்சித் தலைவருக்கும் அது தெரியும். அதனால்தான் தெருவைக் கிழித்து மூன்று பெரிய வார்டுகளின் ஓரத்தில் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். அந்த வார்டுகளில் நாலாயிரம் நாலாயிரம் பேர். தலைவர் வீடு இருக்கிற வார்டில் தொள்ளாயிரம். எல்லாவற்றுக்கும் ஒரே ஓர் உறுப்பினர். இது என்ன நியாயம்?

கோடு போட்டது அப்பா. வண்ணம் அடித்தது நான். கையைக் கழுவினேன், சிவப்பு இன்னும் போகவில்லை.

மார்ச் 9

வரைபடத்தைப் பதினைந்து நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பார்த்தவர்கள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். அதுதான் விதி. வைத்திருக்கிறார்களே! அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன். வரி கட்டுகிற அறையில், திறந்த கதவுக்குப் பின்னால், சுவரோடு சுவராக. கதவு நகராமல் செங்கல் முட்டு வேறு.

பியூனிடம் கேட்டேன். "படம் பாக்கணும்னா கதவை மூடணும். மூடினா காத்து வராதே, பாப்பா," என்று சிரித்தார்.

ஒட்டியாச்சு, சட்டம் தீர்ந்துபோச்சு. யாரை ஏமாத்தறாங்க இவங்க?

மார்ச் 11

செய்யலாமா? பயமாக இருக்கிறது.

மார்ச் 12

செய்துவிட்டேன். அப்பாவின் டிரேசிங் தாளில் அத்தை தெருவை மட்டும் படியெடுத்து, மூன்று வண்ணமும் அடித்து, பள்ளிக்குப் போகிற வழியில் குழாயடித் தூணில் ஒட்டினேன். குடத்தோடு நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்தாள்.

சாயங்காலம் அத்தை வந்தாள். நின்றபடியே பேசினாள். "ஏண்ணே, எதிர்வீட்டுல தீப்பெட்டி கடன் வாங்கணும்னா இனிமே பாஸ்போர்ட் எடுக்கணுமா?"

அப்பா தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. வீடு வீடாகப் போய் ஆட்சேபத்தில் கையெழுத்து வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டு அத்தை போய்விட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மார்ச் 16

நான் ஒரு மடச்சி. மடச்சி, மடச்சி.

வரைபடத்தின் மூலையில் வடக்கு எது என்று காட்ட ஓர் அம்பு போடுவார்கள். அப்பா அதை வால் பிரிந்த குருவி மாதிரி போடுவார். வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. அவரைப் பார்த்துப் பார்த்தே வரையக் கற்றவள் நான். கை தானாகப் போட்டுவிட்டது. தூணிலிருந்து கிழித்த தாளைத் தலைவர் அப்பாவின் மேசையில் வைத்து, "குருவி எங்கருந்து பறந்து வந்துச்சு?" என்று கேட்டாராம்.

வேலை போய்விடும் என்று அம்மா அழுகிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. எல்லாருக்கும் நியாயம் கேட்டவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

மார்ச் 18

ஆட்சேபம் முந்நூற்று எழுபத்தாறு. கதவு முட்டுச் செங்கலை அத்தையே காலால் தள்ளிவிட்டாளாம். நாளைக்கு மேலதிகாரி வந்து விசாரிக்கிறார்.

இன்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு முதல் நாளே தெரியுமாம்.

"நான் வரைஞ்சதுன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"பொய்தானேப்பா?"

"மொத படமும் நான் வரைஞ்சதுதான். அதை யாரும் கேக்கல. நாளைக்கு அதையும் சொல்லப்போறேன். யார் சொல்லி வரைஞ்சேன்னும் சொல்வேன்."

என் பெயரை மட்டும் சொல்ல மாட்டாராம். அது எப்படி? நான் செய்ததற்கு அவர் மட்டுமா—

வாசலில் வண்டி நிற்கிற சத்தம். தலைவரின் வண்டிதான். தட்டுகிறார்கள். அம்மா விளக்கை அணைக்கச் சொல்கிறாள். அப்பா சட்டையைத் தேடுகிறார். அவர் போவதற்குள் நான்தான் கதவை