பெயரில்லாத மனுவில் என் கையெழுத்து

சுங்கை கெனாங்கா,
வியாழக்கிழமை

அன்பு மகள் வாசுகிக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் கைகால் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அந்த அபர்டீன் குளிரில் நீ விறைக்காமல் இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும். முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், அம்மா சொல்லி நீ தெரிந்துகொள்வதைவிட அது மேல். நீ அனுப்பிய மூக்குக்கண்ணாடி இந்தச் செவ்வாய்வரை பெட்டியில்தான் கிடந்தது, போட்டால் கிழவனாகத் தெரிகிறேனாம். அறுபத்துமூன்று வயதில் இந்த அழகைக் காப்பாற்றப் போய்த்தான் போன ஞாயிறு மாட்டிக்கொண்டேன்.

தேர்தல் வந்துவிட்டது, நம் தொகுதி டத்தோ பஹாரின் வழக்கம்போல அவரே வீடு தேடி வந்தார். நீ பிறப்பதற்கு முந்திய வருஷம் அவர் முதன்முதலில் நின்றபோது வேட்புமனுவை வழிமொழிய ஓர் இந்தியன் வேண்டும் என்று நம் எஸ்டேட் தோட்டத்தில் தேடினார்கள், பெயரைக் கோணாமல் எழுதத் தெரிந்தவன் என்று அகப்பட்டவன் நான். இதுவரை ஆறு தேர்தல். அவர் துணையமைச்சராகி, டத்தோ பட்டம் வாங்கி, அமைச்சராகி, மூன்று இலாகா பார்த்துவிட்டார், நான் ஒரே லாரியை ஓட்டி ஓய்ந்தேன். ஆனாலும் என் கையெழுத்துக்கு மட்டும் ஆள் அனுப்பமாட்டார், அவரே வந்து அம்மா போடும் கோப்பியைக் குடித்து, சீனி வாங்கக் கடன் தரட்டுமா என்று கேலி செய்வார். வரும்போதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது வரும், முதலில் தண்ணீர்க்குழாய், பிறகு மின்சாரம், பிறகு கூரை, எல்லாம் ஓட்டுக்குச் சரியாக மூன்று வாரம் முன்னால். நிலப்பட்டா மட்டும் எப்போதும் அடுத்த தடவைதான். இப்போது தோட்டம் கைமாறிவிட்டது, வாங்கியவர்கள் வீடு கட்டப் போகிறார்கள், பட்டா வராவிட்டால் நீ படித்த பள்ளியும் இடிபடும்.

இந்தத் தடவை அவர் கேலி செய்யவில்லை. உன் பெயரைச் சொல்லி விசாரித்தார், பிஸ்கட் டின் ஒன்று வைத்தார், அப்போதே எனக்கு உறுத்தியது. உறுத்தி என்ன, அவர் விரலால் காட்டிய இடத்தில் கண்ணாடி இல்லாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். கார் போனபிறகுதான் அம்மா, வேட்பாளர் பெயர் எழுதும் கோடு காலியாக இருந்ததே, பார்த்தீர்களா என்றாள். கோப்பிக்கடை ஆ சூனிடம் போய்ச் சொன்னேன். "முத்து, நாளைக்கு என் கடை நாயை நிக்க வெச்சாலும் அதை வழிமொழிஞ்சவன் நீதான்" என்றான். டத்தோவின் மருமகன் தோட்டம் வாங்கிய கம்பெனியில்தான் இருக்கிறானாம், அவனை நிறுத்தத்தான் இந்தக் காலிக்கோடு என்று ஆ சூன் கணக்கு. எனக்கும் அது சரியாகப் பட்டது.

செவ்வாய்க்கிழமை கண்ணாடியைப் போட்டுக்கொண்டே டத்தோ வீட்டுக்குப் போனேன். தேர்தல் நேரத்தில் கார் நிறுத்த இடமிருக்காத வாசலில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு பூனையும்தான் இருந்தன. யார் பெயரை எழுதப்போகிறீர்கள் என்று நேராகவே கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சா எழுதியிருக்க மாட்டேனா முத்து? என்னை நிறுத்தறதா கட்சி மேலிடத்துக் கடிதம் இன்னும் வரலை. இருபத்தஞ்சு வருசத்துல இப்பத்தான் மொத தடவை" என்றார். எத்தனை மேடையில் கண் கலங்கியவர், இதுவும் நடிப்பாக இருக்கலாம் என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். இரண்டு நாள் வெள்ளைத்தாடி கண்ணாடி வழியாக நன்றாகத் தெரிந்தது. பள்ளி நிலத்துக்காக நில அலுவலகத்துக்கு அவர் எழுதிய கடிதத்தின் நகலை எடுத்துத் தந்தார். இந்தத் தடவை ஒரு வரி விடாமல் படித்தேன். தேதி வெள்ளிக்கிழமை, என் வீட்டுக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னால். ஆனாலும் பதவி போகிற மனிதன் எழுதிய கடிதத்தை அங்கே யார் மதிப்பார்கள் என்ற சந்தேகம் எனக்கு இன்னும் விடவில்லை.

மனுவைக் கிழித்துவிடட்டுமா என்று கேட்டார். "உங்க பேரு வந்தா எழுதுங்க டத்தோ, வேற பேரு வந்தா கிழிச்சிருங்க" என்றேன். வாசல்வரை வந்து, "யார் கைவிட்டாலும் ஆறு தடவையும் உன் ஓட்டு எனக்குத்தான், அது போதும்" என்று என் தோளைத் தட்டினார். நான் பூனையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாளை மறுநாள் மனுத்தாக்கல், இந்த நிமிஷம்வரை கடிதம் வரவில்லையாம்.

நீ இரவு வேலை முடிந்து பட்டினியாகப் படுக்காதே. எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் காலிக்கோடு இருக்கிறதா என்று பார், உன் அப்பன் பிள்ளை என்று காட்டிவிடாதே. நோய்நொடி அண்டாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அம்மா ஊறுகாய் அனுப்புகிறாள், வந்ததும் எழுது.

டத்தோவிடம் நான் சொல்லாததை உனக்கு மட்டும் சொல்கிறேன், அம்மாவுக்கும் தெரியாது. ஆறு தடவையும் அவரை வழிமொழிந்தேன், ஆறு தடவையும் எதிராளிக்குத்தான் ஓட்டுப் போட்டேன். இந்தத் தடவை அவருக்கே போடலாம் என்று இருக்கிறேன், அவர் பெயர் வரவேண்டுமே.

உன் அன்பு அப்பா,
சி. அரியமுத்து