செங்கல் தாளைக் கிழித்தது நான்தான்

அக்கா,

காலையில் இன்சூரன்ஸ் ஆள் வீட்டைப் பார்க்க வருகிறார். நைட் ஷிப்ட் முடிந்து நான் வருவதற்குள் வந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. மாடி அறைச் சாவி மீட்டர் பெட்டி மேல் இருக்கிறது.

வாசல் சுவரில் அத்தான் ஒட்டிய செங்கல் டிசைன் தாளை நான்தான் கிழித்தேன். கத்தாதே. வருகிறவர் ஒரு தட்டுத் தட்டினால் மரம் என்று தெரிந்துவிடும். தெரியாமல் போனால் இன்னும் மோசம். வீடு எரிந்த பிறகு, "நீங்க சொன்னது செங்கல் வீடாச்சே" என்று கையை விரித்துவிடுவார்கள்.

மர வீடு என்றதும் மற்ற கம்பெனிக்காரர்கள் நம்மால் கட்டவே முடியாத பிரீமியம் சொன்னார்கள். பழைய வயரிங்கை மாற்றி, புகை அலாரம் வைத்தால் குறைப்போம் என்றது இவர்கள் மட்டும்தான். இரண்டையும் செய்துவிட்டேன். அதைக் காட்டு. மரம் என்றே சொல்.

"படிப்பைப் பாதியில விட்டவன் எனக்குப் பாடம் நடத்துறியா?" என்று நேற்று கேட்டாய். நடத்தவில்லை. கெஞ்சுகிறேன் என்று வைத்துக்கொள்.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சூடுபண்ணும்போது அலாரம் அலறினால் ஜன்னலைத் திற, பேட்டரியைக் கழற்றாதே.

இன்னொன்று. அப்பாவின் கட்டிலைப் பின்னறையிலிருந்து வாசல் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறேன். வழியை அடைக்கிறது என்று முணுமுணுப்பாய். வேலையில் சைரன் கேட்டாலே நம் தெருவோ என்று போனை எடுக்கிறேன். அவரால் தனியாக எழுந்து வெளியே வர முடியாது. பாலிசி கிடைத்தாலும் வீட்டுக்குத்தான் பணம் தருவார்கள். கட்டில் அங்கேயே இருக்கட்டும்.