கூசும் பல்லும் வெள்ளிக்கிழமை விரதமும்

உரும்பிராய்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நிருஷன் அண்ணைக்கு,

அம்மாவுக்குப் பல் கூசுகிறது. இந்தக் கடும் வெயிலிலும் அவர் குடிக்கிற தண்ணீரைச் சுடவைப்பதைத்தான் நான் முதலில் கண்டேன். மற்றப்படி அப்பாவும் அம்மாவும் நானும் சுகம், நீங்களும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க முருகன் பார்த்துக்கொள்வார். வழமையாக அம்மாதான் உங்களுக்கு எழுதுவார். இம்முறை பல்லுக் கதையை மறைத்துவிடுவார் என்று நான் எழுதி, லீவு முடிந்து நீங்கள் இருக்கிற இடத்துக்கே திரும்பிவரும் பக்கத்து வீட்டு உதயகலா அக்காவிடம் மிளகாய்த்தூளோடு கொடுத்துவிடுகிறேன்.

அங்கேயே நிரந்தரமாக இருக்க உங்களுக்கு விசா கிடைக்கவேண்டும் என்று அம்மா வெள்ளிக்கிழமைதோறும் தேசிக்காய்த் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருக்கிறார். எச்சில் வாயோடு இணுவில் கந்தசாமி கோவிலில் தேவாரம் பாடக்கூடாது என்று, குடித்த கையோடு உப்பை வைத்துப் பல்லைப் போட்டுத் தேய்ப்பார். பல் கூசத் தொடங்கியதும் ஊத்தை ஏறிவிட்டது என்று இன்னும் பலமாகத் தேய்த்திருக்கிறார். வரப்போகிற கந்தசஷ்டி ஆறு நாளும் தொல்லையில்லாமல் இருக்கவேண்டும், கூசுகிற இரண்டு பல்லையும் பிடுங்கிவிடுவோம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு மருதனார்மடத்துப் பல் டாக்குத்தரிடம் போனார். டாக்குத்தர் பார்த்துவிட்டு, சொத்தை ஒன்றும் இல்லையே, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அம்மா விசேஷமாக ஒன்றுமில்லை, கழற்றிவிடுங்கள் என்றே நின்றார். வகுப்பில் பெயர் கேட்டாலே குனிந்துகொண்டு, பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட நான்தான் தேசிக்காயையும் உப்பையும் சொன்னேன். அம்மா டாக்குத்தரிடமே முறையிட்டார், "வாய் திறக்கமாட்டாள் எண்டுதானே உவளைக் கூட்டிக்கொண்டு வந்தனான்." டாக்குத்தரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

புளிப்புப் பட்டவுடன் பல்லின் மேற்பூச்சு கொஞ்ச நேரம் இளகி நிற்குமாம், அந்த நேரம் தேய்த்தால் அதுவும் சேர்ந்து தேய்ந்துபோகும். பல்லைப் பிடித்திருக்கிற முரசும் கரைந்து வேர் வெளியே தெரிகிறதாம், அதுதான் கூச்சம். நல்ல பல்லைப் பிடுங்கினால் நாளைக்குப் பக்கத்துப் பல்லும் கூசும், பிறகு எத்தனையைப் பிடுங்குவது என்று கேட்டார். மெதுவான பிரஷ், கூச்சத்துக்கென்று விற்கிற பற்பசை, இரண்டையும் சில கிழமைகள் விடாமல் பாவிக்கவேண்டும், குறையாவிட்டால் திரும்ப வரவேண்டும். புளிப்பாக எது குடித்தாலும் வெறும் தண்ணீரால் கொப்பளித்து, அரை மணித்தியாலமாவது பொறுத்துத்தான் தீட்டவேண்டும். நீங்களும் வேலை முடிந்து சோடாவைக் குடித்துவிட்டு உடனே பல் தீட்டிப் படுக்கிற ஆள், அதை இன்றோடு விடுங்கள்.

பல் பிடுங்காமல் திரும்பினோம். படலையைத் திறக்கும்போது அம்மா, "தேசிக்காய்த் தண்ணியோடை இருப்பன் எண்டெல்லோ நேர்ந்தனான். மாத்தி அவனுக்கு விசா வராமல் போனால் ஆர் பதில் சொல்லுறது" என்றார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும், "விரதம் முருகனுக்கு அம்மா, புளிப்பு ஆருக்கு?" என்று கேட்டேன். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். சஷ்டிக்குப் பாலைக் குடித்து விரதம் இருக்கலாம் என்று நீங்கள் ஒருக்கால் தொலைபேசியில் சொல்லுங்கள், மறக்கவேண்டாம். அப்பாவின் வெங்காயம் இம்முறை நன்றாக வந்திருக்கிறது. உங்கள் காரியம் நல்லபடி முடியும் என்று இரண்டு பேரும் வாழ்த்தி எழுதச் சொன்னார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது.

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை. அம்மா குளித்துவிட்டு வந்து தேசிக்காயை வெட்டினார். நான் அந்தப் பாதிகளை வாங்கி அப்பாவின் சொதிக்குள் பிழிந்துவிட்டு, அம்மாவுக்குப் பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தேன்.

அன்புத் தங்கை,
வித்தியா