மாற்றி மாட்டிய கிளிப்

பழைய வயரைச் சுருட்டி வைக்கும்போது சிவப்புக் கிளிப்பிலிருந்து டிரான்ஸ்பார்மர் எண்ணெய் வாடை வந்தது. உடனே உன் ஞாபகம். காலையிலிருந்தே நான் நிலைகொள்ளாமல்தான் இருந்தேன். முதலாளி, டிரான்ஸ்பார்மர் சுற்றைச் சோதிக்கும் இரண்டு ரேஷியோ மீட்டர்களை மேசையில் வைத்து, "சாப்பாட்டுக்கு முன்னாடி எத வாங்கலான்னு சொல்லிடும்மா, நீதான அத வச்சிகினு வேல செய்யப்போற" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அப்போது நம் எர்ணாவூர் பட்டறையில் மீட்டர் ஏது? டிரான்ஸ்பார்மரில் அதிக வோல்ட்டுக்கான பெரிய பக்கத்தில் கரண்ட் கொடுத்து, சின்னப் பக்கத்தில் எவ்வளவு வருகிறது என்று பார்ப்போம். காயிலில் சுற்று சரியா தவறா என்பது அதிலேயே தெரிந்துவிடும். அன்று நான் பேச்சு சுவாரஸ்யத்தில் கிளிப்பைச் சின்னப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். பெரிய பக்கத்தில் ஆயிரக்கணக்கில் வோல்ட் ஏறிப் பொறி பறந்தது. ஒரு நொடி முன்புதான் நீ அந்த முனையில் படிந்த கடல் உப்பைத் துடைத்துவிட்டுக் கையை எடுத்திருந்தாய்.

முதலாளி ஓடி வருவதற்குள் என் காதில் சொன்னாய்: "நீ வாயத் தொறக்காத. உனுக்கு இன்னும் பர்மனெண்ட் ஆவல. நான் ரெண்டு நாளு திட்டு வாங்கிக்கிறேன், இன்னா இப்போ?"

திட்டோடு நிற்கவில்லை. உன்னைக் காயில் சுற்ற அனுப்பிவிட்டு, அதுவரை நீ உட்கார்ந்திருந்த இந்த டெஸ்டிங் மேசையை எனக்குக் கொடுத்தார். உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றபோதெல்லாம், "போமே, பேஜாரு பண்ணாத" என்று விரட்டினாய். எனக்கும் அது வசதியாக இருந்தது. காய்ச்சலில் நீ போய்ச் சேரும்வரை வசதியாகவே இருந்துவிட்டேன்.

இன்று இரண்டு மீட்டரிலும் வேண்டுமென்றே வயரை மாற்றி மாட்டினேன். விற்க வந்தவர் பதறிவிட்டார். "மேடம், அது ராங் சைடு!"

"தெரியும் சார், தள்ளி நில்லுங்க."

டிபன் பாக்ஸ் அளவு இருந்த சின்ன மீட்டர் எதுவும் கேட்காமல் ஓட ஆரம்பித்தது. சட்டென்று நிறுத்தினேன். பெரியது முதலில் துளி கரண்ட் விட்டுப் பார்த்து, வயர் மாறியிருக்கிறது என்று திரையில் காட்டிவிட்டு நின்றுகொண்டது.

"பெருசுதான் வோணும்" என்றேன்.

முதலாளி சிரித்தார். "அத எவன் தூக்கிகினு அலைவான்? தப்பா மாட்டுறவதான் போய்ட்டாளே, பாவம்."

உன் பதினாறாம் நாள் சாப்பாட்டிலும், உன் அம்மா காதில் விழும்படி, இதையேதான் சொன்னார். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்று முடியவில்லை.

"அவ இல்ல மொதலாளி. அன்னிக்கு மாத்தி மாட்டுனது நானு."

அவர் என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். பெரிய மீட்டரைக் காட்டி விற்க வந்தவரிடம் தலையாட்டிவிட்டு வெளியே போனார். நாளைக்கு என்னை எங்கே உட்காரச் சொல்வாரோ, தெரியாது.

பழைய வயரைக் குப்பையில் போட்டேன். சிவப்புக் கிளிப்பை மட்டும் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, முகத்துவாரக்குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ ஏறிவிட்டேன். உன் அம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னாமே, திடீர்னு?" என்று கேட்பாள். அவளிடம் நான் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்: "அந்த டேபிளு உம் பொண்ணோடதும்மா."