நிறையாத பேட்டரி

9 ஜூலை, புதன்

காலையிலிருந்தே மேல்காற்று. மாடியில் நான் செய்த காற்றாடி ஜெனரேட்டர் பேய் மாதிரி சுற்றுகிறது. ஆனாலும் பேட்டரி நிறையவில்லை. இன்றோடு மூன்று நாள்.

உள்ளே இருப்பது நிரந்தரக் காந்தம். காற்று ஏறினால் வோல்டேஜும் ஏறும், அடக்க வழியில்லை. அதற்குத்தான் கண்ட்ரோல் போர்டு. பேட்டரி 14.4 வோல்ட் தொட்டதும் மிச்சக் கரண்டைத் தண்ணீர் டிரம்மில் உள்ள ஹீட்டருக்குத் தள்ளிவிடும். சுடுதண்ணீர் குழாய் வழியாகக் கீழே பாத்ரூமுக்கு.

ஒயர் சரி. டயோடு சரி. மாடிக்கு வேறு யார் போகிறார்கள்? சாதிக். மனைவி மும்தாஜின் தம்பி. செல்போன் கடைக்காரன். திருட்டுத்தனமாக சார்ஜ் போடுகிறானோ?

10, வியாழன்

சிதம்பரம் போய்ப் புது மீட்டர் வாங்கி வந்தேன். போர்டில் வோல்டேஜ் அளவு வைக்கும் திருகு 14.4-க்குப் பதில் 13-இல் நிற்கிறது! பேட்டரி நிறைவதற்குள் கரண்ட் ஹீட்டருக்கு. கரண்ட் திருட்டு இல்லை, வேண்டுமென்றே கெடுக்கிறான். "சவூதியில அத்தன வருஷம் இருந்துட்டு வந்து காத்தாடி வுடுறீங்களா மச்சான்" என்று சிரித்தவன்தானே.

மறுபடி 14.4. திருகின் தலையில் வெள்ளை பெயிண்ட் கோடு. யாரிடமும் சொல்லவில்லை.

11, வெள்ளி

கோடு விலகியிருக்கிறது. திரும்ப 14.4 வைத்தேன். ஜும்ஆ முடிந்து சாதிக் சாப்பிட வந்தான்.

"போர்டுல கை வச்சியா?"

"எந்த போர்டு மச்சான்?"

"நடிக்காத."

பிசைந்த சோற்றை விட்டு எழுந்தான். "இனிமே இந்த ஊட்டுப் படி ஏற மாட்டேன்."

மும்தாஜ் என்னவோ சொல்ல வந்தாள். தம்பிக்குப் பரிந்துகொண்டு வருகிறாள் என்று முறைத்தேன். உள்ளே போய்விட்டாள்.

12, சனி

காலை பத்து மணி. சாதிக் வரவில்லை. மாடியில் டிரம்முக்குப் பின்னால் காத்திருந்தேன். சுவரைப் பிடித்துப் பிடித்து மும்தாஜ் ஏறி வந்தாள். கையில் டெஸ்டர்.

"நீதானா?"

"முட்டி வலிங்க. சுடுதண்ணி ஊத்துனாதான் நடக்க முடியுது. இதத் திருப்புனா தண்ணி சீக்கிரம் சுடும்னு நீங்கதான் சொன்னீங்க."

"என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"ரெண்டு வாட்டி சொன்னேன். மீட்டரப் பாத்துக்கிட்டே 'ம்'னீங்க."

"நேத்து அவன் இருக்கும்போது?"

"உங்க மூஞ்சியப் பாத்தா பயமா இருந்துச்சு."

நான் திருப்பி வைக்க வைக்க, இவள் அந்தக் காலோடு ஏறி வந்திருக்கிறாள்.

13, ஞாயிறு

காற்று குறைவு. திருகு 13-இலேயே இருக்கட்டும். நாளை மும்தாஜுக்குச் சிதம்பரத்தில் எலும்பு டாக்டர்.

சாதிக் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே எல்லாம் சொன்னேன். தப்பு என் பேரில்தான் என்றும்.

"அக்காவுக்கு முட்டி வலின்னு எனக்கே தெரியும் மச்சான்" என்றான்.